ஏழாவது மாசம்

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி
பெட்ரோல் பங்க்கில் எனக்கு இரவு வேலை.
இரண்டரை மணிக்கு ஐந்து வண்டிகள் வரும்.
நம்பர் பிளேட்டில் சாணி அப்பியிருக்கும்.
லாரிக்காரர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு
கேபினுக்குள் ஏறிக்கொள்வார்கள்.

கடைசி வண்டி எத்திராசுடையது. ஆர்எக்ஸ் நூறு.
"இருநூறுக்குப் போடு. ஆயில் தனியா."
அதற்குமேல் ஒரு சொல் வராது.
இடது கன்னத்தில் தையல் தடம்,
சிரித்தால் பூரான்போல ஓடும்.
இரண்டு முறைதான் ஓடிப் பார்த்திருக்கிறேன்.

அவன் வண்டியில் பின்னால் கால் வைக்க இடமில்லை.
அறுத்து எடுத்திருந்தான்,
அறுத்த இடம் துருவேறிக் கிடந்தது.
ஏன் என்று கேட்ட இரவு
மீதிச் சில்லறை வாங்காமல் போனான்.

பிறகொரு மழையில், பம்ப்புக்கு அடியில் ஒதுங்கி, அவனே சொன்னான்.
தம்பி பின்னால் உட்கார்ந்திருந்தானாம்.
மாதனூர் வளைவு தாண்டி
திரும்பாமலே ஏதோ கேட்டானாம்.
பதில் இல்லை.
மூன்று கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டியிருந்ததாம்.

நானும் சொன்னேன்.
குடியாத்தத்தில் கட்டிக் கொடுத்தார்கள்.
லுங்கி வியாபாரம், நல்ல குடும்பம்.
ஏழாவது மாசம், குழம்பில் உப்பு கூடிய ஞாயிற்றுக்கிழமை,
உதைத்த காலில் செருப்பு இருந்தது.
ஆம்பூர் தோல், என்றேன்.
அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம்
தினசரித் தாளில் சுற்றி ஒன்றை நீட்டினான்.
இரண்டு கால்தாங்கிகள். புது ரப்பர்.
"வெல்டிங் வெச்சிக்கட்டா?"
எனக்கு வந்த ஒரே கடிதம் அதுதான்.

பத்தாம் நாள் மொட்டை சம்பந்தம் வந்தான்,
ஐந்து வண்டிக்கும் அவன்தான் முதலாளி.
"பொம்பள குந்தினா போலீசு கை வெக்காது.
வயித்துல கட்டு."
எத்திராசு தரையைப் பார்த்தான்.
மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
கால்தாங்கி எனக்காக வந்ததா
சரக்குக்காக வந்ததா,
இன்றுவரை கேட்கவில்லை.

லாரி ட்யூபை அறுத்து, இருபுறமும் ஒட்டி,
சேலைக்குள் கட்டிக்கொண்டேன்.
மலைச் சாராயம், காய்ச்சிய சூடு ஆறாதது.
ஒடுகத்தூர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும்
உள்ளே புரண்டது.
என் கை தானாகப் போய்த் தடவிக் கொடுத்தது.

செக்போஸ்ட்டில் பெண் காவலர் டார்ச் அடித்தாள்.
"எத்தினி மாசம்?"
"ஏழு."
தடுப்பை அவளே நகர்த்தினாள்.
"வாயும் வயிறுமா கீறவள இந்த நேரத்துல... மெதுவா ஓட்டுய்யா!"
எத்திராசு தலையாட்டினான்.
அவன் முதுகு நடுங்குவது என் நெஞ்சில் தெரிந்தது.

பதினோரு இரவு.
ஒருநாளும் எட்டு ஆகவில்லை.
சரக்கு இறங்குவது குடியாத்தத்தில்.
அந்தத் தெருவை ஒட்டித்தான் போவோம்.
மாடியில் லுங்கிகள் காயும்.
இறக்கியபின் வயிறு தட்டையாகிவிடும்,
ஒவ்வொரு முறையும்.

பன்னிரண்டாம் இரவு, பாலாற்றுப் பாலத்தின் நடுவே
நிறுத்து என்றேன்.
பின்னால் வரும் வண்டிகளுக்கு ஆறு நிமிடம் இருந்தது.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
ஜாக்கெட் ஊக்கைக் கழற்றிக் குத்தினேன்.
பீய்ச்சி அடித்தது, பிறகு ஒழுகியது.
கீழே மணல் சத்தமில்லாமல் குடித்தது.
முழங்கால்வரை நனைந்து நின்றேன்.
அன்றைக்கும் இப்படித்தான் நனைந்தேன்,
அன்றைக்கு யாரும் பக்கத்தில் இல்லை.

"சம்பந்தம் கொன்னுடுவான்."
"தெரியும்."
தடுக்கவில்லை. ட்யூபின் மறுமுனையைப் பிடித்து
கடைசிச் சொட்டுவரை அவன்தான் பிழிந்தான்.

பாலத்து முனையில் நாலு விளக்குகள்.
இரண்டாவது உதையில்தான் கிளம்பியது.
எந்த ஊர் என்று அவனும் சொல்லவில்லை.
காற்றில் சேலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

முதல் வளைவில்
தலையைப் பாதி திருப்பிக் கேட்டான்:
"கீறியா?"

"கீறேன்."

நாலில் ஒன்று நெருங்கியிருந்தது.
அடுத்த வளைவிலும் கேட்டான்.